டெஸ்டிங்குக்கு மாறலாமா? முதலில் தேதியைப் பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில், அடுத்த பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கும் 'டெஸ்டிங்' கிளைக்கு மாறலாமா என்று யாராவது கேட்டால், "இன்றைக்கு என்ன தேதி?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். கிண்டலுக்கு இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் மே மாத டெஸ்டிங்கும் செப்டம்பர் மாத டெஸ்டிங்கும் வேறு வேறு சரக்கு.

டெபியன் 13-ஐ, அதாவது ட்ரிக்ஸியை எடுத்துக்கொள்வோம். வெளியானது 2025 ஆகஸ்ட் 9. ஆனால் மார்ச் நடுவிலேயே கெடுபிடி ஆரம்பித்துவிட்டது: பெரிய லைப்ரரி மாற்றங்களுக்குத் தடை. ஏப்ரல் நடுவிலிருந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும். மே 17-ல் ஹார்டு ஃப்ரீஸ், அதாவது மாற்றங்களைக் கிட்டத்தட்ட உறைய வைப்பது. அதன் பிறகு முக்கியமான பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) எதுவும் வெளியீட்டுக் குழு பார்த்து ஒப்புக்கொள்ளாமல் உள்ளே நுழைய முடியாது. வருவதெல்லாம் பெரும்பாலும் பிழைத்திருத்தம்தான். என் கணக்கில் மாறுவதற்கு நல்ல நேரம் அதுதான், ஹார்டு ஃப்ரீஸ் தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து. ஸ்டேபிள், அதாவது எல்லோருக்குமான உறுதியான பதிப்பு, என்ற முத்திரை விழ இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஆனால் கையில் கிடைப்பது கிட்டத்தட்ட அதே சாமான்.

மோசமான நேரம் எது தெரியுமா? வெளியீடு முடிந்த அடுத்த சில வாரங்கள். பலர் அதைத்தான் பாதுகாப்பான நேரம் என்று நினைத்து டெஸ்டிங்குக்குத் தாவுகிறார்கள்! ஃப்ரீஸில் தேங்கிக் கிடந்த மாற்றங்கள் எல்லாம் மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஒரேயடியாக வரும். அதிலும், பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸஸ் ஃபைலில் 'டெஸ்டிங்' என்று எழுதி வைத்திருந்தால், வெளியீட்டுக்குப் பிறகு செய்யும் முதல் அப்கிரேடே உங்களை அடுத்த பதிப்பான ஃபோர்கியில் கொண்டுபோய் விட்டுவிடும். 'ட்ரிக்ஸி' என்று எழுதியிருந்தால் ஸ்டேபிளிலேயே நின்றுகொள்வீர்கள்.

"எக்ஸ்இசட் விவகாரம் மறந்துபோச்சா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள் எக்ஸ்இசட்; 2024 பிப்ரவரியில் வந்த அதன் 5.6.0 பதிப்பில், திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். அது புதுப் பேக்கேஜ்கள் முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள், அதற்கு அடுத்த டெஸ்டிங் இரண்டுக்குள்ளும் போய்விட்டது, ஸ்டேபிளைத் தொடவில்லை. அப்போது ஃப்ரீஸ் எதுவும் கிடையாது, புதுப் பதிப்புகள் தாராளமாக நுழையும் காலம். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர். அன்ஸ்டேபிள் மெஷினில் எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைவது) ஏன் அரை நொடி இழுக்கிறது என்று நோண்டப் போய், மார்ச் 29-ல் விஷயத்தை உடைத்தார். ஆக, ஸ்டேபிள்காரர்கள் தப்பித்ததே அன்ஸ்டேபிளில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததால்தான்.

தேதிக்கு அடுத்தபடி, திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். டெபியனில் டவுன்கிரேடுக்கு ஆதரவு கிடையாது. வேறு டிஸ்கில் பேக்கப், ஸ்டேபிள் பூட் ஆகும் பென் டிரைவ், இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். சோறு போடும் லேப்டாப்பில், நாளைக் காலை டெலிவரியை வைத்துக்கொண்டு, எந்த ஃப்ரீஸ் ஆனாலும் வேண்டாம். அப்கிரேடு ஓடும் முன், பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் செய்யும் ஏபிடி காட்டும் நீக்கப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். டெஸ்க்டாப்பே அதில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு நாள் கழித்து வாருங்கள். ஏபிடி-லிஸ்ட்பக்ஸ் போட்டுவைத்தால் பெரிய பிழைகளை முன்கூட்டியே காட்டிவிடும்.

அப்புறம், மாறியதும் நான் சோதிப்பது தமிழைத்தான். தமிழ்99 கீபோர்டு முறையில் அடிக்க வருகிறதா? லிப்ரெஆஃபீஸில் கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் நிற்கின்றனவா? இதையெல்லாம் ஜெர்மனியில் இருக்கும் டெவலப்பர் நமக்காகப் பார்த்துத் தர மாட்டார். ஹார்டு ஃப்ரீஸின்போது பிழையைப் பதிந்தால் வெளியீட்டுக்குள் சரியாக வாய்ப்பு உண்டு. வெளியீடு முடிந்தபின் ஆகஸ்டில் வந்து புலம்பினால், பாயிண்ட் ரிலீஸில் (இடையில் வரும் திருத்த வெளியீட்டில்) சரிசெய்தால் உண்டு; இல்லையென்றால் இரண்டு வருஷம் அதோடுதான் குடித்தனம்.