கையெழுத்துப் போட்டதால் நின்றுவிட்டதாம்!

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துப் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். வராதவர்களுக்கு வாட்சாப்பில் வீடியோ வந்திருக்கும். "நம்மாளுங்க கையெழுத்துப் போடாம சும்மா இருந்திருந்தா இந்நேரம் கேஸ் மின்நிலையம் எழும்பியிருக்கும், பிள்ளைங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும்." கைதட்டல் வேறு. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஐயா, மின்நிலையம் நின்றதற்கு நாங்கள் காரணம் இல்லை.

நிலையத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் கொடுத்த அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன், மறைக்கவில்லை. அதில் 'வேண்டாம்' என்ற சொல்லே கிடையாது. இரண்டே கேள்விதான். எரிவாயுக் குழாய் தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு தூரத்தில் போகும்? டர்பைன் ஓடினால் சத்தம் எவ்வளவு இருக்கும்? 2025 ஏப்ரல் 1 அன்று சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து நெருப்பு எழும்பியதைப் பார்த்த பிறகு இதைக்கூடக் கேட்கக் கூடாதா? பதில் இன்று வரை வரவில்லை.

இந்த நிலையம் நாள் முழுக்க ஓடுவதற்கானது இல்லை. மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்சநேரம் என்று 2025 ஜூலையில் மலேசியாவில் வந்த புதிய மின்கட்டணத்திலேயே இருக்கிறதே, அந்த நேரத்து நெருக்கடிக்குச் சில நிமிடங்களில் கிளப்பி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது. கட்டுவது மலிவு, ஆனால் எரிவாயு நிறையத் தின்னும். வருஷத்தில் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கும். அப்படித் தயாராக நிற்பதற்கே மாதாமாதம் காசு தருகிறோம் என்று ஒப்பந்தம் இருந்தால்தான் பேங்க் கடன் கொடுக்கும். நம்ம ஊர் நிலையத்துக்கு அப்படி ஒப்பந்தம் கையெழுத்தானதாக யாராவது அறிவித்தார்களா? போதாக்குறைக்கு, டேட்டா சென்டர் மோகத்தில் உலகம் முழுக்க கேஸ் டர்பைனுக்கு வருஷக்கணக்கில் வரிசை. இங்கேயே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி வைக்க டெண்டர் விட்டாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் பால்பாயிண்ட் பேனாதான் திட்டத்தை நிறுத்தியதாம். அவ்வளவு பலம் இருந்திருந்தால் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டையாவது காப்பாற்றியிருப்போமே.

எங்கள் அப்பா, லயத்துக்குக் கரண்ட் கொடுக்கும் தோட்டத்து இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளப்புவார், பத்து மணிக்கு நிறுத்துவார். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விளக்கு இரண்டு தடவை சிமிட்டும். அம்மா மண்ணெண்ணெய் விளக்கை எடுக்கப் போவார். 1996 ஆகஸ்ட் 3 ஞாபகம் இருக்கிறதா? திரெங்கானு பாக்கா பக்கம் மின்தடத்தில் கோளாறு, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்து, தீபகற்பமே இருட்டாகிவிட்டது. டவுன் கும்மிருட்டு, எங்கள் லயத்தில் மட்டும் வெளிச்சம். சித்தப்பா குடும்பத்தோடு மோட்டாரில் வந்து, ரசமும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா பத்து மணிக்கு நிறுத்தவே இல்லை. மறுநாள் டீசல் கணக்குக்காகக் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் ஏச்சு வாங்கினார். அப்படிப்பட்டவரின் மகன் மின்சாரத்துக்கு எதிரியாம்!

வேலை போச்சே என்கிறீர்கள். கட்டும் வரை ஆள் வேண்டும், சரி. கட்டி முடித்த பிறகு இந்த மாதிரி நிலையத்துக்குக் கொஞ்சப் பேர் போதும். நிலக்கரிக்கு கேஸ் பரவாயில்லை என்பீர்கள், அதை நான் மறுக்கவே இல்லை. "கரண்ட் மட்டும் வேணும், நிலையம் வேணாமா?" என்று கீழே எழுதப்போகிற தம்பி, தாளில் என்ன இருந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன், திரும்பப் படி.

சரி, என் கோபம் அதுகூட இல்லை. இந்த நிலையத்துக்காக நிலம் கைமாறுகிறது என்று சொல்லி லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று மாதத் தவணை. அம்மா கொல்லை முருங்கையில் ஒரு கிளையை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பிளாட்டில் நாலாவது மாடி, எங்கே நடுவது? பெயிண்ட் வாளியில் வைத்தார். பட்டுப்போனது. நிலையம் வந்திருந்தாலாவது ஊருக்கு வெளிச்சம் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது அங்கே இருப்பது வேலி, லாலாங் புல், 'இங்கு அமையவிருக்கிறது' என்று மலாயில் ஒரு பலகை. நின்றுபோனதைக்கூட யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காவலுக்கு இருந்த நேப்பாளத் தம்பியைக் காணோம், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் அப்பாவாவது இரண்டு தடவை சிமிட்டினார்.

பெரியவரே, காலி செய்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். காசோலை கொடுக்கும் போட்டோவில் இடது ஓரமாக நிற்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளின் நகலோடு வருகிறேன். மைக்கை எனக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.