பேருந்து எத்தனை மணிக்குத் திரும்பும்?

கோடைக்கால முகாம்களின் துண்டறிக்கைகள் செய்தித்தாளுக்குள் மடிந்து வரத் தொடங்கிவிட்டன. நீச்சல், சிலம்பம், ஓவியம், ரோபோட்டிக்ஸ் என்று நீளும் பட்டியலின் கடைசி வரியில், 'ஒருநாள் சுற்றுலா உண்டு' என்று இருக்கும். பெற்றோர் பலரும் அந்த வரியை நம்பித்தான் பணம் கட்டுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன்.

சென்ற ஆண்டு என் மகனுக்கு எட்டு வயது. மே இரண்டாம் வாரம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். காலை பத்து மணிக்குப் புறப்பட்ட பேருந்து வேலூர்க் கோட்டை, அருங்காட்சியகம், அமிர்தி உயிரியல் பூங்கா, இன்னொரு பூங்கா என நான்கு இடங்களைச் சுற்றிவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தது. இறங்கியதும் வாந்தி எடுத்தான், தலைவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டான். வெயிலாலும் தண்ணீர் போதாமையாலும் வந்தது என்றார் மருத்துவர். இரவெல்லாம் உப்பு சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு வாயாகப் புகட்டினேன். மறுநாள் தெளிந்தபின், என்னடா பார்த்தாய் என்று கேட்டேன். "கோயில்ல செருப்ப கழட்டிட்டு நடந்தோம்மா, கால் கொதிச்சுது" என்றான். வேறு எதுவும் அவனுக்கு நினைவில்லை.

அந்த முகாமை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாளுக்கு எத்தனை இடம் காட்டினோம் என்பதையே பெற்றோர் கேட்பதால் அவர்களும் அதையே எண்ணுகிறார்கள். ஆனால் பாறைக் குன்றுகள் சூழ்ந்த, மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில், குழந்தைகளின் சுற்றுலாவுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது இடமல்ல, நேரம் என்பதே என் உறுதியான கருத்து. வெயிலில் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் வேகமாகச் சூடேறும். விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்குத் தாகம் எடுப்பதும் தெரியாது. எனவே காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் வீடு திரும்புகிற, ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்கிற பயணமே இங்கு பொருந்தும்.

இதை நானே செய்து பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், அவனையும் தெருப் பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு அதே கோட்டைக்குப் போனேன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் கல் அப்போது குளிர்ந்திருந்தது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகளையும் யாளிகளையும் செதுக்கிய தூண்களில் ஆளுக்கொன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி, தாளும் பென்சிலும் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் நால்வரும் எழுந்திருக்கவில்லை. குதிரையின் சேணத்தில் இருக்கும் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தான், இரண்டு வாரத்துக்கு முன் அதே தூணைத் தாண்டி ஓடியவன். இந்தக் கோயிலின் மூலவர் நெடுங்காலம் இங்கே இல்லாமல் நம் சத்துவாச்சாரியில்தான் இருந்தார், 1981இல்தான் திரும்ப வந்தார் என்று சொன்னபோது, "நம்ம ஏரியாவிலயா?" என்று நால்வரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தக் கேள்வி பிறப்பதற்கு உட்கார நேரம் வேண்டியிருந்தது.

1806 ஜூலை 10ஆம் நாள் இதே கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதையும் அகழிக் கரையில் நின்றுதான் சொன்னேன். ஆங்கிலேய அதிகாரிகள் புதுவகைத் தலைப்பாகையை அணியச் சொன்னார்கள், நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது என்றார்கள், தாடியை மழிக்கச் சொன்னார்கள். உடையும் நெற்றியும் தாடியும் எட்டு வயதுக்கு எளிதாகப் புரிகின்றன. பாடநூலில் அது தேதியோடு நின்றுவிடுகிறது.

பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபத்தை எந்த முகாமும் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இலங்கையின் கண்டி அரசின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார், அவருடைய நினைவிடம்தான் அது. அரை மணி நேரம் போதும் அதைப் பார்க்க. ஆற்றைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. மணலில் ஊற்று தோண்டி நீர் குடித்த கதையை நம் தலைமுறை ஆசையாகச் சொல்கிறது. இன்று மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கி, மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாமல் கிடக்கிறது. கிணறு, கல்குவாரிக் குட்டை, ஏரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விடுமுறையில் நீரில் மூழ்கிய செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். ஆகவே ஆற்றுப் பக்கம் செல்வதென்றால் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், நீந்தத் தெரிந்தவர், கயிறு, விசில் ஆகியவை இல்லாமல் புறப்படவே கூடாது.

பகலை விட்டுவிட்டால் மாலையும் இரவும் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி அங்குள்ளது. முன்னதாகவே விசாரித்து, பார்வையாளரை அனுமதிக்கும் நாளில் அழைத்துச் செல்லலாம். ஊர் விளக்குகள் மறைந்த அந்த மலையில் வானத்தைப் பார்ப்பதே போதுமான நிகழ்ச்சி.

உணவையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் சிப்ஸும் குளிர்பானமும் வெயிலுக்குத் துணை செய்வதில்லை. மோர், கம்பங்கூழ், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு எல்லாம் மே மாதத்தில் தெருவிலேயே கிடைக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சட்டை நனைய வியர்த்தவன் திடீரென்று சோர்ந்து பேசாமல் போனால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பதை உடன்வரும் ஒவ்வொருவருக்கும் கற்பித்திருக்க வேண்டும்.

கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கோட்டைதான் மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நடத்துபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்தில் காலியாகும் நான்கு இருக்கைகளை அவர்களுக்குக் கொடுத்தால் முகாமுக்குக் குறையொன்றும் வராது.

இந்த வாரம் இரண்டு முகாம்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். என்னென்ன கற்றுத் தருவீர்கள் என்று கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குத் திரும்பும், எத்தனை இடம், எட்டுப் பேருக்கு ஒருவர் வருவாரா என்று மட்டும் கேட்டேன். ஒருவர் சலித்துக்கொண்டார். மற்றவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆறரைக்கே கிளம்பலாம் அம்மா, நீங்களும் கூட வர்றீங்களா?" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.