வரம்பு லிட்டருக்கா, டன்னுக்கா?

ஆலைக் கழிவுநீர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது' என்ற விதியைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது தேவையான விதிதான். ஆனால் அது மட்டும் போதவே போதாது. ஒரு லிட்டர் கழிவுநீரில் 10 மில்லிகிராம் நச்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்பது லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கணக்கு இறங்கிவிடும், சோதனை அறிக்கையிலும் குறை இருக்காது. ஆற்றுக்குப் போய்ச் சேர்வதோ அதே 10 மில்லிகிராம். நல்ல தண்ணீர் பாழானது தனி.

காகித ஆலைகளின் கதை இதற்குத் தெளிவான சான்று. வேகவைத்து எடுத்த மரக்கூழ் பழுப்பாகவே இருக்கும். மர இழைகளைப் பிணைத்திருந்த லிக்னின் அதில் எஞ்சியிருப்பதே காரணம். அதை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது, லிக்னினோடு குளோரின் வினைபுரிந்து பல கரிமக் குளோரின் சேர்மங்களும் (கார்பனோடு குளோரின் பிணைந்த வேதிப்பொருள்கள்), மிக நுண்ணிய அளவில் டையாக்சின் என்ற நச்சுப்பொருளும் உருவாயின. டையாக்சின் தண்ணீரோடு கரைந்து போய்விடுவதில்லை. ஆற்றடி வண்டலில் ஒட்டிக்கொண்டு, அங்கு மேயும் சிற்றுயிர்கள் வழியாக மீனின் கொழுப்பில் சேர்ந்து, மீனை உண்பவர் உடலுக்கும் வருகிறது. அதன் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் நஞ்சை லிட்டர் கணக்கில் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இல் காகித ஆலைகளுக்கு வகுத்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, எங்கே அளக்க வேண்டும் என்று அவை சொன்ன விதம். டையாக்சினை ஆலையின் கடைசிக் குழாயில் அல்ல, வெளுப்புப் பிரிவின் கழிவுநீர் மற்ற நீரோடு கலப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். அங்கே அது லிட்டருக்கு 10 பிக்கோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கரிமக் குளோரின் சேர்மங்களுக்கோ, ஒரு டன் கூழுக்கு மாதச் சராசரியாக 0.623 கிலோ என்று எடைக்கணக்கில் வரம்பு வைத்தார்கள். தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அந்த எடை குறையாது; வெளுக்கும் முறையையே மாற்றியாக வேண்டும். குளோரின் வாயுவுக்குப் பதிலாகக் குளோரின் டை ஆக்சைடு அப்படித்தான் பரவலானது.

சாய ஆலையோ தோல் ஆலையோ, எதற்கு அனுமதி கொடுத்தாலும் இந்த இரண்டையும் எழுதிவைக்க வேண்டும் என்பேன்: உற்பத்தி டன்னுக்கு இவ்வளவு என்ற வரம்பு, கலப்பதற்கு முன்பே மாதிரி எடுக்கும் இடம். ஆலையின் சோதனை அறிக்கை கைக்கு வந்தால், அன்று எத்தனை லட்சம் லிட்டர் வெளியேறியது என்ற எண்ணை முதலில் தேடுங்கள். அது இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு ஆற்றில் எத்தனை கிலோ கலந்தது என்று யாராலும் கணக்கிட முடியாது.