சாப்பிடும் எசன்ஸ் வேறு, நுரையீரல் வேறு

பினா கோலாடா என்ற காக்டெய்லின் சுவைக்கு வேப் (மின் சிகரெட்) திரவத்தில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயும் கிரீம் வாசனை எசன்ஸும், மோஹிட்டோ காக்டெய்ல் சுவைக்குப் புதினா எண்ணெய், எல்லாம் உணவுத் தரம்தானே, பயமே வேண்டாம் என்று மேலே உள்ள பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள் நண்பரே, யாராவது நம்பிச் செய்துவிடப் போகிறார்கள்.

உணவுத் தரம் என்பது வயிற்றுக்குக் கொடுத்த சான்று. எண்ணெயை வயிறு செரித்துவிடும், நுரையீரலுக்கு அந்த வழி கிடையாது, உள்ளே தங்கி லிப்பாய்டு நிமோனியா என்ற அழற்சியைக் கொண்டுவரும். வேப் திரவத்தின் அடிப்படையே புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான், அதில் தேங்காய் எண்ணெய் கரையவே கரையாது. எவ்வளவு குலுக்கினாலும் சரி, ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், பாட்டிலின் கழுத்தோரம் வளையமாக மிதந்து நிற்கும்.

அப்புறம் அந்த கிரீம் வாசனை. வெண்ணெய் மணம் தரும் டயசெட்டிலைச் சாப்பிடலாம், ஆனால் அமெரிக்காவின் மிசூரியில் ஒரு பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பாகி அடைத்துக்கொண்டன, 2000இல் வெளியே வந்த விஷயம் இது, போன நுரையீரல் திரும்பவில்லை. அதனால்தான் பிரிட்டனில் விற்கும் வேப் திரவங்களில் டயசெட்டிலுக்குத் தடை.

சர்க்கரைப் பாகும் வேண்டாம், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலில் கருகி ஒட்டும். கலந்தே தீருவேன் என்பவர்கள் வேப்புக்கென்றே விற்கும், எண்ணெயும் சர்க்கரையும் டயசெட்டிலும் இல்லாத சுவைச் செறிவை மட்டும் வாங்குங்கள். அதுவும் ஆபத்து குறைவு என்றுதான் சொல்வேன், ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்.