அந்தச் சொல்லை எனக்கு விளக்க வேண்டாம்

மலேசியாவில் இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லை நேற்று ஒரு விருந்து மேடையில் ஒருவர் சிரிப்புக்காகச் சொன்னது இங்கே பலருக்கும் தெரியும். அந்தக் காணொளியை நானும் பகிரப் போவதில்லை. 'கெலிங்' என்று சொன்னவரைவிட, "அது பழைய பெயர்தானே, ஏன் கொதிக்கிறீர்கள்?" என்று காலையிலிருந்து எனக்குப் பாடம் நடத்துகிறவர்கள்மீதுதான் கோபம் அதிகம்.

வரலாறு எனக்கும் தெரியும். கலிங்கத்திலிருந்து பிறந்த சொல். கடல் கடந்து வணிகத்துக்கு வந்த இந்தியர்களை மலாய் மொழியில் ஒரு காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். மலாக்காவில் 1748இல் கட்டிய கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தப் பெயர்களை மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கப்பித்தான் என்றால் சமூகத்தின் தலைவர். நேற்று அந்த மேடையில் யாரும் தலைவரைக் கூப்பிடவில்லை. சிரிப்பதற்கு ஆள் தேடினார்கள்.

தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்வழிப் படிப்புக்குப் பழக்கும் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 13. சிற்றுண்டிச்சாலை வரிசையில் நானும் என் நண்பனும் நின்றிருந்தோம். பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லி எங்களைப் பின்னால் தள்ளினான். பார்த்த ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழவில்லை, நண்பன் அழுதான். கலிங்கம் எங்கே இருந்தது என்று எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே புரிந்தது.

"உங்கள் அப்பா காலத்தில் யாரும் கோபப்படவில்லையே?" என்கிறார் ஒருவர். என் அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். கடைக்காரர் அந்தப் பெயரால்தான் அவரைக் கூப்பிடுவார். அப்பா சிரித்துக்கொண்டே பையை நீட்டுவார். கடனுக்கு அரிசி கொடுக்கிறவரிடம் வேறு என்ன செய்திருக்க முடியும்? அந்தச் சிரிப்பையா சம்மதம் என்கிறீர்கள்?

நம்மவர்கள் வங்கதேசத் தொழிலாளர்களை 'பங்களா' என்று இளக்காரமாகக் கூப்பிடுவதில்லையா என்று கேட்கிறார்கள். கூப்பிடுகிறார்கள். தவறுதான், நிறுத்த வேண்டும். அதைக் காட்டி என் வாயை அடைக்காதீர்கள்.

எது வலிக்க வேண்டும், எது வலிக்கக்கூடாது என்று அடி வாங்காதவர் எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னவர் மன்னிப்புக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். எனக்கு இப்போது அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் காணொளியை நான்கு முறை பார்த்துவிட்டேன். முன்வரிசையில் கைதட்டிச் சிரித்தவர்களில் ஒருவன், அன்று அந்த வரிசையில் என் பக்கத்தில் நின்று அழுதவன்.