பத்துப் பொருத்தம் பார்த்தாலும் ஒட்டாத டிஜிட்டல் பேக்

"பேக் மட்டும் தனியா இருக்கு சார். சூப்பர் கண்டிஷன். மீடியம் ஃபார்மட் எதுல வேணா மாட்டிக்கலாம்."

பேக்னா தோள்ல மாட்டுற பை இல்ல. மீடியம் ஃபார்மட்ங்கிற பெரிய ஃபிலிம் கேமராவோட முதுகுல, ஃபிலிமுக்குப் பதிலா மாட்டுற டிஜிட்டல் சென்சார் பெட்டி. பழைய பேக் விக்கிற இன்னொருத்தர் இதைப் போன்ல சொன்னா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. எதுல வேணாவாம்! "மவுன்ட் என்னங்க?"ன்னு, அதாவது எந்தக் கேமராவுல ஒட்டுற தகடுன்னு கேட்டா, "ஃபேஸ் ஒன் சார்". யோவ், அது பேக்கைத் தயாரிச்ச கம்பெனியோட பேருய்யா. அவங்க பி45-னு ஒரே பேக்கை நாலு கேமராவுக்கு ஏத்த மாதிரி நாலு விதமா வித்தாங்க: ஹாசல்பிளாட் வி, ஹாசல்பிளாட் எச், மாமியா 645, கான்டாக்ஸ் 645. உள்ள அதே 39 மெகாபிக்சல் கோடாக் சென்சார். வெளியில இருக்கிற தகடு மட்டும் வேற. அந்தத் தகடு மாறிப்போச்சுன்னா லட்சக்கணக்குல கொடுத்து வாங்கினது மேசை மேல பேப்பர் பறக்காம இருக்கத்தான் உதவும். நம்ம கடைத்தெருவுல ஸ்க்ரூ டிரைவர் வச்சுக் கழட்டி மாத்தித் தர்ற சமாச்சாரமும் இல்ல அது.

ஃபிலிம் காலத்துல இந்தத் தலைவலி எங்கய்யா இருந்துச்சு? வி வரிசை ஹாசல்பிளாட் 500சி வந்தது 1957-ல. 503சிடபிள்யூ-வை நிறுத்தினது 2013-ல. இடைப்பட்ட அம்பது வருஷத்துக்கு மேல, ஃபிலிம் சுருள் வைக்கிற ஒரு ஏ12 மேகசினை எந்த 500 பாடியிலயும் மாட்டலாம். வெளிச்சம் படாம மறைக்கிற டார்க் ஸ்லைடைச் சொருகு, பட்டனைத் தள்ளு, கழட்டு, அடுத்ததை மாட்டு. கலர் ஒண்ணு, கறுப்பு வெள்ளை ஒண்ணு. அவ்வளவுதான். பின்னாடி கழட்டி மாட்டலாம்ங்கிறதுக்காகத்தானே இந்தக் கனத்தைத் தூக்கிட்டு அலைஞ்சோம்! டிஜிட்டல் வந்ததும் முதல் வேலையா அந்த வசதிக்கே குழி தோண்டிட்டாங்க.

பண்ண முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. சைனார் கம்பெனிக்காரன் பண்ணிக் காட்டினான். ஈமோஷன் பேக்குக்கு அடாப்டர் தகடு தனி. கேமரா மாறினா தகடை மாத்திக்கோ, பேக் அப்படியே இருக்கட்டும். மத்தவங்களுக்கு இது ஏன் தோணலைன்னு கேட்கிற அளவுக்கு நாம அப்பாவி இல்ல. தோணியிருக்கும்.

சரி, ராசி, நட்சத்திரம் எல்லாம் பார்த்து மவுன்ட் பொருந்திடுச்சுன்னே வைங்க. வி மவுன்ட் பி45, கையில 500சி/எம். கல்யாணம் முடிஞ்சுதா? இல்ல. லென்ஸ்ல இருக்கிற சிங்க் சாக்கெட்ல இருந்து பேக்குக்கு ஒரு ஒயர் போகணும். ஷட்டர் திறந்த சேதியே அந்த ஒயர் வழியாத்தான் பேக்குக்குப் போகும். சாக்கெட்டோ நாப்பது வயசு லென்ஸோடது, ஆடிப்போயிருக்கும். மாடல் சிரிக்கிறா, வெளிச்சம் பிரமாதம், "ட்ளக்"னு மிரர் அடிக்குது. படம்? வரலை. ஒயர் கழண்டு தொங்குது. கட்டிடம், நிலக்காட்சி எடுக்கிற டெக்னிக்கல் கேமராவுல, லென்ஸ்லயே இருக்கிற கோபால் (Copal) மெக்கானிக்கல் ஷட்டரோட மாட்டினா இன்னும் கூத்து. தூங்கிட்டு இருக்கிற பேக்கை முதல்ல எழுப்பி விடணும், அப்புறம்தான் ஷட்டரை அமுக்கணும். அதுக்கும் தனி ஒயர் வித்தாங்க. வாங்கினோம், வேற வழி?

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஹாசல்பிளாட்டோட சொந்த பேக் சிஎஃப்வி டூ 50சி வந்தப்போ பழைய 500 பாடிகள்ல ஒயரே இல்லாம வேலை செஞ்சுது. கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனா சென்சார் அளவு என்ன? 44-க்கு 33 மில்லிமீட்டர். ஃபிலிம் சதுரம் 56-க்கு 56. பரப்புல பாதிகூடத் தேறாது! வியூஃபைண்டர்ல தெரியுறதுல பாதிக்கு மேல சும்மா வேடிக்கை பார்க்கத்தான். அகலமா எடுக்கணும்னு 40 மி.மீ. டிஸ்டகான் லென்ஸைக் கடன்பட்டு வாங்கினவன் எங்க போய் முட்டிக்கிறது? சதுரம் போய் நீள்சதுரம் ஆனதால, ஆளை நெட்டுக்குத்தா எடுக்கணும்னா கேமராவையே படுக்க வைக்கணும். மேலிருந்து குனிஞ்சு பார்க்கிற ஃபைண்டரைப் பக்கவாட்டுல வச்சுப் பார்த்திருக்கீங்களா? கழுத்து சுளுக்கிக்கும். அதுக்கு ஒரு பிரிஸம் வாங்கு. அதுக்கும் காசு.

இது பழைய பாடி, அதனாலதான் இந்தப் பாடுன்னு சொல்றவங்க ஹாசல்பிளாட்டோட புது எச் வரிசை கதையைக் கேளுங்க. 2002-ல எச்1 வந்தப்போ ஃபிலிமும் மாட்டலாம், அடுத்த கம்பெனி பேக்கும் மாட்டலாம். நம்பி லென்ஸா வாங்கிக் குவிச்சாங்க. 2006-ல எச்3டி வந்தது, கதவைச் சாத்திட்டாங்க. எங்க பேக் மட்டும்தான்னாங்க. புதுசா விட்ட 28 மி.மீ. லென்ஸ் எச்1, எச்2 வச்சிருக்கிறவங்களுக்குக் கிடையாது. காசு கொடுத்தவன் கேனயன், அப்படித்தானே? கான்டாக்ஸ் 645 ஆளுங்க பாவம். அதைத் தயாரிச்ச கியோசெரா 2005-ல கேமராத் தொழிலையே கைகழுவிட்டுப் போயிட்டான். அந்த மவுன்ட்ல ஒரு பேக் விற்பனைக்கு வந்தா விலை கேட்கவே பயமா இருக்கு.

மாட்டியும் ஆச்சு, சிங்க்கும் ஆச்சு. இப்போ கம்ப்யூட்டர்ல இணைக்கணும். ஃபயர்வயர்ங்கிற பழைய கேபிள்! எந்த லேப்டாப்லய்யா இருக்கு அந்த ஓட்டை? ஆப்பிள்காரனே புது லேப்டாப்கள்ல விட்டுட்டு வருஷம் பத்துக்கு மேல ஆச்சு. ஃபயர்வயருக்கு ஒரு அடாப்டர், அதைத் தண்டர்போல்ட்ல சொருக இன்னொண்ணு, அதை டைப்-சி ஆக்க இன்னொண்ணு. எது எப்போ கோவிச்சுக்கும்னு தெரியாது. இதுல ஒரே ஒரு புண்ணியம், சிஎஃப்வி 39 வச்சிருக்கிறவங்களுக்கு சோனி என்பி-எஃப் பேட்டரி போதும், கல்யாண வீடியோகாரர் எல்லார் பையிலயும் கிடக்கும்.

பேக் விக்கிறவங்களே, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன். எல்சிடி எரியுற பக்கத்தை எட்டுப் படம் போடுறீங்க. பெட்டியைப் போடுறீங்க, பெல்ட்டைக்கூடப் போடுறீங்க. கேமராவுல ஒட்டுற பக்கத்தை, அந்த மவுன்ட் தகடை, ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டா உங்களுக்கு என்னதான்யா குறைஞ்சுடும்?