நிலாவை வெட்டிவிட்டார்கள்

பெயருக்கு இருபது எழுத்துதான் இடமாம். எந்தப் புண்ணியவான் எந்த அறையில் உட்கார்ந்து "இருபது தாராளமாகப் போதும்" என்று முடிவு செய்தானோ, ஆள் தெரிந்தால் நேரில் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் சங்கரநாராயணன், ஆங்கிலத்தில் 16 எழுத்து. சொந்தப்பெயர் வெண்ணிலா, 7 எழுத்து. நடுவில் ஓர் இடைவெளி. ஆக மொத்தம் 24. நான் வேலை பார்க்கும் சீன நகரமான ஷென்ஜெனில் என் சம்பளம் விழும் வங்கி, குடும்பப்பெயரை முன்னால் போட்டு, இருபதாவது எழுத்தில் கத்தரியை வைத்துவிட்டது. மூன்று வருடமாக அந்த வங்கியில் என் பெயர் 'சங்கரநாராயணன் வெண்'. நிலாவைக் காணோம்.

சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் அப்போது வந்தது. அப்பாவுக்கு வங்கி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். "சீனாக்காரன் என் பேரை முழுசா போட்டிருக்கான் பாரு" என்று அவருக்கு ஒரே பெருமை. சங்கரன்கோவிலில் பிறந்த மனிதர், சாமி பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? இனிஷியலை விரித்து எழுது என்று பாஸ்போர்ட் விண்ணப்பம் கேட்டது, குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பாவைக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். நம்மில் பாதிப்பேர் கதை இதுதானே. அந்த நிமிடத்திலிருந்து நான் சங்கரநாராயணன் ஆகிவிட்டேன்.

பல் வலிக்காக ஒருமுறை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரிசை எண்ணையும் பெயரையும் இயந்திரக் குரல் ஒன்று அறிவிக்கும். சீனப் பெயர் என்றால் இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ, ஒரு நொடியில் முடிந்துவிடும். என் முறை வந்ததும் அந்தக் குரலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எஸ், ஏ, என், கே, ஏ, ஆர் என்று எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தது. கூடம் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பதினாறு எழுத்தும் முடிகிற வரைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறேன். முடித்துவிட்டு, கடமை தவறாமல் இரண்டாம் தடவையும் படித்தது.

சரி, அதெல்லாம் வேடிக்கை. இப்போது நான் எழுத உட்கார்ந்தது வயிற்றெரிச்சலில்.

இந்த வருடம் என் பாஸ்போர்ட்டின் பத்து வருடம் முடிந்தது. குவாங்ஜோவில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துப் புதியதை வாங்கிவிட்டேன். ஷென்ஜென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறினால் அரைமணி, முக்கால் மணிக்குள் குவாங்ஜோ தெற்கு. அந்தப் பகுதியில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் என்னவென்றால், புதுப் பாஸ்போர்ட்டுக்குப் புது எண். நம் ஊரில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. இங்கே அது விஷயம் மட்டுமில்லை, விஷம்.

ஏன் என்று சொல்கிறேன். சீனர் ஒவ்வொருவருக்கும் ஷென்ஃபென்ஜெங் என்று ஓர் அடையாள அட்டை. அதில் 18 இலக்கம். முதல் ஆறு ஊரைச் சொல்லும், அடுத்த எட்டு பிறந்த தேதி, அப்புறம் மூன்று வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. அட்டை தொலைந்தாலும், காலாவதியாகி வேறு அட்டை வாங்கினாலும், எண் சாகும்வரை அதேதான். இந்த நாட்டின் வங்கி, தொலைபேசி, ரயில், ஆஸ்பத்திரி, வரி எல்லாம் அந்த எண்ணின் தலையில்தான் நிற்கின்றன. எண்தான் ஆள். எனக்கோ பாஸ்போர்ட் எண். அது என் எண்ணே இல்லை, அந்தப் புத்தகத்தின் எண். புத்தகம் மாறியதும் பழைய ஆள் ஒழிந்தாள், புதிதாக யாரோ வந்திருக்கிறாள் என்று கணினிகள் எல்லாம் ஒருமனதாக முடிவு கட்டிவிட்டன.

வெளிநாட்டவருக்கு 18 இலக்கம் தரவே முடியாது என்றும் இல்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து தருகிற புது அட்டையில் 18 இலக்கம்தான், 9-இல் தொடங்கும். செய்ய முடியும் என்று தெரிந்திருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். என்னைப் போல வருடா வருடம் வேலை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்துக்குத்தான் அது கிடையாது.

பாஸ்போர்ட் மாறினால் பத்து நாளுக்குள் வசிப்பு அனுமதியில் மாற்றம் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்டேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு புகைப்படம் ஒட்டிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அந்தச் சீட்டுதான் நான். அந்த இரண்டு வாரத்தில்தான் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. உங்கள் அடையாள ஆவணம் காலாவதி ஆகிவிட்டது, கணக்கில் பரிவர்த்தனை நிறுத்தப்பட்டுள்ளது, அசல் ஆவணத்துடன் கிளைக்கு வரவும். அசல் ஆவணம் எங்கே? குடிவரவு அலுவலக அலமாரியில் அனுமதிக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வீட்டுக்குக் கீழே உள்ள காய்கறிச் சந்தையில் ஒரு கட்டு கொத்தமல்லி, இரண்டு தக்காளி. மூன்றரை யுவான். இந்த ஊரில் பணம் கட்டுவதெல்லாம் போன் செயலியில்தான், அலிபே, இல்லாவிட்டால் வீசாட். கடைக்காரம்மா பிளாஸ்டிக் உறையில் மாட்டி வைத்திருக்கும் க்யூஆர் குறியீட்டைப் போனுக்குக் காட்டினால் முடிந்தது. காட்டினேன், தோல்வி. மறுபடி, தோல்வி. நம் ஊர் விசா அட்டையை இணைத்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். வெளிநாட்டு அட்டைகளை இந்தச் செயலிகளில் 2023 முதல் ஏற்கிறார்கள்தான். ஆனால் சில்லறை வியாபாரிகள் சொந்தப் பெயரில் வைத்திருக்கும் குறியீடுகளில் பெரும்பாலும் வேலை செய்யாது. அதுவும் தோல்வி. பின்னால் நாலு பேர். பையில் துழாவி ஒரு நூறு யுவான் நோட்டை எடுத்தேன். அந்தம்மா அதை ஏதோ அகழ்வாராய்ச்சியில் கிடைத்ததுபோலத் திருப்பிப் பார்த்தார். சில்லறை இல்லை. அப்புறம் கொத்தமல்லியைப் பையில் திணித்து, "நாளைக்குக் கொடு, போ போ" என்று கையை ஆட்டினார். என் பெயரைக் கேட்கவில்லை, எண்ணையும் கேட்கவில்லை. சம்பளக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளம் தூங்குகிறது, நான் மூன்றரை யுவானுக்குக் கடன்காரியாகி லிஃப்டில் ஏறுகிறேன். அழுகைதான் வந்தது, பொய் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வந்த அன்றே அரைநாள் விடுப்புப் போட்டு வங்கிக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் சின்னப் பெண், என்னைவிட இளையவள், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். பழைய பாஸ்போர்ட், புதியது, இரண்டையும் பக்கம் பக்கமாக நகலெடுத்தாள். தட்டினாள். திரையைப் பார்த்தாள். "உங்கள் பெயர் பொருந்தவில்லை."

"எதோடு?"

"உங்கள் பெயரோடு."

கணக்குத் திறந்தபோது பதிவான பெயர் 'சங்கரநாராயணன் வெண்'. இப்போதைய கணினியில் எழுத்து வரம்பைக் கூட்டிவிட்டார்களாம். நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? அதனால் புதுப் பாஸ்போர்ட்டை வைத்தால் அது 'சங்கரநாராயணன் வெண்ணிலா' என்று முழுசாகப் படிக்கிறது. வெண்ணும் வெண்ணிலாவும் வேறு வேறு ஆட்கள். இரண்டு பேரும் ஒருத்தியே என்று யாராவது சான்று தரவேண்டும். "யார் தருவார்கள்?" என்று கேட்டேன். யோசித்தாள். "உங்கள் தொலைபேசி எண் உங்கள் பெயரில் இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம்."

தொலைபேசிக் கடையில் நான் 'வெண்ணிலாசங்கரநாராயணன்'. ஒரே மூச்சு, இடைவெளியே கிடையாது, பெயர் முன்னால், அப்பா பின்னால். பழைய பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிய பையன் "ஜாவ் பு தாவ்" என்றான். கிடைக்கவில்லை. புது எண்ணைத் தட்டினான், "ஜாவ் பு தாவ்." இந்தச் சொல்லை இனி யாராவது என் முன்னால் சொன்னால் நான் பொறுப்பில்லை. அவன் காட்டிய வழி, இந்த சிம்மை ரத்து செய்துவிட்டுப் புது எண் வாங்கிக்கொள்வது. அடப்பாவி! அந்த எண்ணில்தான் வங்கி இருக்கிறது, பணம் கட்டும் செயலி இருக்கிறது, ரயில் கணக்கு, வரிச் செயலி, வீட்டு வாடகை ஒப்பந்தம், அலுவலகக் கதவு எல்லாம் இருக்கின்றன. பல் வலி என்று வந்தவளிடம் தலையை எடுத்துவிடலாமா என்று கேட்கிறான்.

வங்கி சொல்கிறது, முதலில் தொலைபேசியைச் சரிசெய். தொலைபேசிக் கடை சொல்கிறது, பெயர் எப்படி எழுதவேண்டும் என்பதற்கு வங்கிக் கடிதம் கொண்டு வா. செயலியின் உதவிப் பக்கத்தில் ஓர் இயந்திரம், ஷென்ஃபென்ஜெங்கின் 18 இலக்கத்தை உள்ளிடுங்கள் என்கிறது. எட்டே எழுத்துள்ள என் பாஸ்போர்ட் எண்ணை உள்ளிட்டால், "இன்னும் 10 இலக்கம் குறைகிறது" என்று ஆதரவாக ஞாபகப்படுத்துகிறது.

போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், எந்த இடத்தில் நான் யார் என்று. வரி அலுவலகத்தில் இடைவெளியுடன் முழுப்பெயர். ரயிலில் அப்பா முன்னால். ஆஸ்பத்திரியில் அப்பா மட்டும், நான் இல்லவே இல்லை. இங்கே வந்து இறங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறெந்த அறிவுரையும் என்னிடம் கிடையாது: முதல் நாள் முதல் கவுன்ட்டரில் உங்கள் பெயரை எப்படி அடித்தார்கள் என்று எட்டிப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பன் ஒருவனுக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டமே காலி. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது என்பதால் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டுவிட்டான். அவன் இப்போது ஊர் முழுக்க முருகன் முருகன்.

வெளிநாட்டுக்காரிக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். அவள் தாத்தா ஆசையாக ஏதோ பழைய அகராதியில் தேடி வைத்த எழுத்து அவள் பெயரில் இருக்கிறது. பல கணினிகளில் அந்த எழுத்தே இல்லை. அவள் சொந்த நாட்டிலேயே சில ஆவணங்களில் அந்த எழுத்துக்குப் பதில் ரோமன் எழுத்து. 87,887 சீன எழுத்துகள் கொண்ட, கணினிகளுக்கான புதுத் தரநிலை ஒன்று 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, ஆனாலும் எல்லாக் கவுன்ட்டருக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை என்கிறாள். வடமேற்கில் உய்குர் மக்கள் வாழும் சின்ஜியாங்கிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெயருக்கு நடுவே ஒரு புள்ளி, அந்தப் புள்ளியை ஓரிடத்தில் ஒரு மாதிரி அடிப்பார்கள், இன்னோரிடத்தில் வேறு மாதிரி. பெயர் பொருந்தாது. புள்ளிக்காக வரிசையில் நிற்கிற மனிதனை நினைத்தால் என் நிலா பரவாயில்லை. நம் ஊர் மட்டும் என்ன, ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் பின்னால் என்று என் அம்மா இரண்டு வருடம் அலைந்தாளே.

ஆனால் இங்கே கடுப்பு ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மற்றதெல்லாம் அவ்வளவு சரியாக ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. அரைமணியில் சாப்பாடு வாசலில். எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிற ஊரில் நான் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு கதவிலும் முட்டி நிற்கிறேன். ரயில் நிலையத்தில் எல்லோரும் அட்டையைத் தட்டிவிட்டுப் போக, நான் ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் வழியைத் தேடி ஓடுகிறேன். சில நிலையங்களில் பாஸ்போர்ட்டைப் படிக்கும் கதவும் வந்துவிட்டது. படிக்கும். எனக்கு மட்டும் மூன்று தடவை திருப்பி வைக்கச் சொல்லும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அலுவலகத்தில் எனக்குச் சீனப் பெயர் இருக்கிறது. வெண்ணிலா என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன், அப்படியே மாற்றிவிட்டார்கள்: பாய் யூயே. பாய் என்றால் வெள்ளை, யூயே என்றால் நிலா. இரண்டே எழுத்து, எந்தக் கட்டத்திலும் அடங்கும். பாய் இங்கே உண்மையான குடும்பப்பெயரும்கூட. கைக்கு எட்டாத பழைய காதலை இவர்கள் 'வெள்ளை நிலவொளி' என்பார்களாம், அதைச் சொல்லி ஒரு வாரம் கேலி செய்தார்கள். அவ்வளவு பொருத்தமான பெயர், எந்த அலுவலகத்திலும் செல்லாது. பாஸ்போர்ட்டில் இல்லையே.

போன வாரம் நடு இலையுதிர் விழா. நிலாவைப் பார்த்துக்கொண்டு மூன்கேக் தின்கிற பண்டிகை. கம்பெனி எல்லோருக்கும் ஒரு பெட்டி கொடுத்தது. எச்.ஆரில் இருக்கும் அக்கா சம்பளப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து ஒட்டியிருந்தாள். (இங்கேயும் மூத்தவளை ஜியே, அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.) மூடியில் பெரிய தங்க நிலா. அதன் மேல் வெள்ளைச் சீட்டு: சங்கரநாராயணன் வெண்.

அந்த அக்காதான் கடைசியில் என்னோடு வங்கிக்கு வந்தாள். கம்பெனி முத்திரை குத்திய கடிதத்தை மேசையில் வைத்து ஷென்ஜென் வட்டாரமே அதிர ஒரு சத்தம் போட்டாள். மேலாளர் ஓடி வந்தார், தேநீர் கொடுத்தார், ஒரு வழி இருக்கிறது என்றார். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பது. அதற்கு ஆறு பக்கப் படிவம். செவ்வாய்க்கிழமை போகவேண்டும்.

படிவத்தை வீட்டில் விரித்துப் பார்த்தேன். பெயருக்கு 18 கட்டம். அப்பா பதினாறை எடுத்துக்கொள்கிறார், ஒன்று இடைவெளி, எனக்கு மிஞ்சுவது ஒற்றை 'வி'. அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எண்ணிப் பார்த்தார். "அடி பாவி," என்றார், "இத்தனை நாளா நான்தானே உனக்கு இனிஷியல்?"